பருப்பு வெந்த தண்ணீர்

என் மகளுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்த வாரத்திலிருந்து எனக்குக் காலையில் ஒரு வேலை கூடிவிட்டது. அவள் பல் துலக்கி முடித்ததும் சமையலறை மேடையோரம் நிறுத்தி, செல்போன் டார்ச்சைப் போட்டு, "ஆ காட்டு" என்பேன். ஈறு இளஞ்சிவப்பாக, காலியாக இருக்கும். விரலால் தடவிப் பார்ப்பேன். அவள் என் விரலைக் கடிப்பதுபோல் பாசாங்கு செய்வாள். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்வரை இது நடக்கும். விழுந்த பல்லுக்குப் பதில் பல் வரப்போகிறது, இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் கணவர் கேட்டார். பல் வரும் என்று எனக்கும் தெரியும். எப்படிப்பட்ட பல் வரும் என்பதுதான் என் பயம்.

என் பற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பென்னாகரத்துக்கும் அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு ஊரில் வளர்ந்தவள் நான். முன்பற்கள் நான்கிலும் காப்பித்தூள் நிறத்தில் குறுக்குக் கோடுகள் உண்டு. இரண்டு பற்களின் ஓரம் உதிர்ந்துபோயிருக்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால் ஊரில் இருந்தவரை எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. தருமபுரிக்குக் கல்லூரியில் படிக்க வந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் "நீ வெத்தலை போடுவியா?" என்று கேட்டாள். கிண்டலாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் என் வலது கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொள்ளும். பெண் பார்க்க வந்தபோது உதட்டை அதிகம் பிரிக்காமல் நாலு வார்த்தை பேசி, அடக்கமான பெண் என்று நல்ல பெயர் வாங்கினேன். கொரோனா காலத்தில் ஊரே முகக்கவசத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் அதற்குள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைக் கழற்றச் சொன்ன நாளில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஊரில் இந்தப் பல்லுக்குச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. "தண்ணியில உப்பு ஜாஸ்தி." ஃபுளோரைடு என்ற சொல்லைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது உப்புக்கு இங்கிலீஷ் பெயர், அவ்வளவுதான்.

கல்யாணமாகி நாங்கள் குடிபோனது தருமபுரி நகரத்துக்குள் ஒரு வாடகை வீடு. அந்த வீட்டுத் தண்ணீர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும். வாளியின் உட்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருக்கும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரியும். தலைக்கு ஊற்றினால் முடி நாராக நிற்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், துவரம்பருப்பு வேகாது. எட்டு விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். "சாம்பார்ல பருப்பை எண்ணிப்புடலாம் போலயே" என்பார் என் கணவர். அவர் வாட்டர் ஹீட்டர் பழுது பார்ப்பவர். தண்ணீரின் குணத்தை ஹீட்டர் காயிலை வைத்துத்தான் சொல்லுவார். அந்த வீட்டில் எங்கள் ஹீட்டரை ஒரே வருடத்தில் இரண்டு முறை பிரித்தார். காயில்மேல் விரல் கனத்துக்குப் படிந்திருந்த உப்பைத் தட்டிக்கொண்டே, "இரும்பையே தின்னுதே இது, மனுசனை உடுமா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். அப்போது வயிற்றில் ஆறு மாதம். என் பிள்ளைக்கு என்ன வந்தாலும் சரி, என் பல் மட்டும் வரக் கூடாது. வேண்டுதல் என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதற்கு நான் போட்ட கணக்கும் எளிமையானது. பல்லைக் கெடுப்பது உப்பு. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆகவே பருப்பு வேகிற தண்ணீர் பல்லைக் கெடுக்காது. இதில் ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்திரம் எழுதுபவரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன் நான். எந்த நகரில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஊருக்கு வெளியே, பென்னாகரம் சாலையில் புதிதாக எழும்பிய நகர்களில் வீடு பார்த்தோம். அங்கெல்லாம் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. எல்லா வீட்டிலும் போர்தான். மற்றவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். நான் பையில் காலி பாட்டிலோடு போவேன். "ஒரு பாட்டில் தண்ணி புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி, ஏதோ மசக்கை என்று விட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, குக்கர் கிடையாது. முதல் வீட்டுத் தண்ணீரில் பருப்பு கல்லாட்டம் நின்றது. இரண்டாவதில் மேலே வெந்து நடுவில் வேகவில்லை. மூன்றாவது வீட்டுத் தண்ணீரில் கரண்டி படுவதற்கு முன்பே பருப்பு கரைந்துவிட்டது. என் கணவரும் தன் பங்குக்கு அந்தத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தார். நுரை முழங்கைவரை ஏறியது. "இந்தத் தண்ணி கெடைக்க நாம குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார். அந்த வீட்டின் பத்திரத்தை நானே தட்டச்சு செய்தேன். நான்கு எல்லைகளும் எழுதினேன், சுவர், கதவு, ஜன்னல், போர், மோட்டார் எல்லாம் எழுதினேன். தண்ணீரைப் பற்றி எழுதப் பத்திரத்தில் இடம் கிடையாது.

அதன்பிறகு ஏழு வருடம் எங்கள் வீட்டைச் சுற்றிக் குழாய்ப் பொருக்கும் காயில் உப்புமாகத் தெருவே புலம்பிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ராஜ வாழ்க்கை வாழ்ந்தோம். எங்கள் தெருவில் எங்கள் போர் ஒன்றில்தான் அப்படித் தண்ணீர். 'நல்ல தண்ணி வூடு' என்று எங்களுக்குப் பெயரே வந்துவிட்டது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க வந்த ஒருவர் தண்ணீரில் உப்பை அளக்கும் பேனா போன்ற ஒரு கருவியை எங்கள் டம்ளரில் விட்டுப் பார்த்து, "உங்க தண்ணிக்கு மெஷினே வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். விற்க வந்தவனே வேண்டாம் என்கிறானே, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நான் பூரித்துப்போனேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளுக்கு ஒரு பேனா போதும்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அரூர்ப் பக்கத்துக்காரர். அவர்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. நாங்கள் குடிவந்த இரண்டாம் வாரமே ஒரு குடத்தோடு வந்து, "பருப்புக்கு மட்டும் ஒரு கொடம் புடிச்சுக்கறேன் கண்ணு" என்றார். தண்ணீர் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அக்கா குடத்தோடு வந்துவிடுவார். முதலில் பருப்புக்கு, பிறகு டீக்கு, பிறகு குடிக்க. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாலில் கலக்க, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்ச என்று ஒரு குடம் இரண்டு குடமானது. "எம்புள்ள உங்கூட்டுத் தண்ணியிலதான் வளருது" என்பார். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பேன்.

இந்த வருடம் என் மகளின் பள்ளிக்குக் கல்லூரி மாணவிகள் சிலர் தண்ணீர் பரிசோதிக்கும் பெட்டியோடு வருவதாகச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். நான் பாட்டிலை மூன்று முறை கழுவி, விளிம்புவரை நிரப்பி அனுப்பினேன். பரிசு வாங்கப் போகிறவளை அனுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. சாயங்காலம் வேனைவிட்டு இறங்கும்போதே அவள் கத்தினாள்.

"அம்மா, மருந்து ஊத்துனதும் எல்லாரு தண்ணியும் ரோஸாவே இருந்துச்சு. நம்மளது மட்டும் மஞ்சளாயிருச்சு. நம்மதுதான ஃபர்ஸ்ட்டு?"

டைரியில் ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார். வீட்டுக் குடிநீரில் ஃபுளோரைடு இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளவும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். எதிர்த் தெருவில் வாளியே வெள்ளையாகிக் கிடக்கிற வீட்டுத் தண்ணீர் ரோஸாம், பருப்பு கரைகிற எங்கள் தண்ணீர் மஞ்சளாம். அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது, பாட்டிலை நிரப்பியபோது என் கையில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது. அதுதான் காரணம், வேறென்ன. இரண்டு நாள் அந்த மஞ்சள்தூளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். என் கணவரிடமும் அதையே சொன்னேன். அவரும் நம்பினார், அல்லது நம்பியதுபோல் இருந்தார். மூன்றாம் நாள் பருப்பு கழுவிக்கொண்டிருந்தபோது, எதற்கென்றே தெரியாமல், ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, நம்மூரு போர் தண்ணியில பருப்பு வேவுமா?"

"ஏன் வேவாது? பூவாட்டம் வேவும். ஏன் கண்ணு?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஆமாம், எங்கள் வீட்டில் பருப்பு வேகாமல் போனதாக எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. குழாயில் பொருக்குக் கட்டியதாகவும் ஞாபகம் இல்லை. வேகாத பருப்பை என் வாழ்க்கையில் முதன்முதலில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு, அந்த வாடகை வீட்டில்தான். என் பல்லைக் கெடுத்த தண்ணீரும் பருப்பு பூவாட்டம் வெந்த தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையே தேடி, பாட்டில் பாட்டிலாகச் சோதித்து, வயிற்றில் பிள்ளையோடு வந்து குடியேறியிருக்கிறேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் புதுப் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தேன். இந்த முறை கையை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். நுரை நன்றாகத்தான் வந்தது. அந்த நுரையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அந்த நான்கு நாளும் கடிதம் தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. ஒரு பத்திரத்தில் வடக்கு எல்லையைத் தெற்கே எழுதிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடிவைக் கொடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். காகிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "உங்க தண்ணியில பருப்பு நல்லா வேவுமே?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"கடினத்தன்மை கம்மியா இருக்குதுங்க, அதனாலதான். தண்ணியில கால்சியம் இருந்தா அது ஃபுளோரைடைப் புடிச்சு உக்கார வெச்சிரும். உங்க தண்ணியில புடிச்சு வெக்க ஆளில்ல. கரைஞ்சே நிக்குது. எல்லா எடத்துலயும் இப்படித்தான்னு சொல்ல முடியாதுங்க, டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சுனா தண்ணிதான் சுண்டும், இது சுண்டாதுங்க. குளிக்க, தொவைக்க, பாத்திரம் கழுவ ஒண்ணும் பயமில்ல. குடிக்கறதுக்கும் ஆக்கறதுக்கும் வேணாம். சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களா வூட்டுல?"

அன்று மாலையே என் கணவர் எங்கள் நகருக்குள் நுழைகிற முக்கில் இருக்கும் பொதுக்குழாயிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். ஒகேனக்கல் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தண்ணீர் அங்கே சில நாட்களுக்கு ஒரு முறை வரும். ஏழு வருடமாக நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நல்ல தண்ணி வூட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்களா என்ன. கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "காயிலைப் பாத்து ஏமாந்துட்டேம்மா" என்றார். நான் பருப்பைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தரைக்கு அக்கா குடத்தோடு வந்தார். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

இதை எப்படிச் சொல்லுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டரை வருடமாக அவர் குழந்தைக்கு ஊற்றிய தண்ணீரைப் பற்றி எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது? நீங்கள் நல்லது என்று நம்பிக் கொண்டுபோனது, நான் நல்லது என்று நம்பிக் கொடுத்தது, இரண்டும் தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? பெருமையும் அதில் இருந்தது, மறைக்கவில்லை. 'நல்ல தண்ணி வூடு' என்ற பெயர் போய்விடும். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. ஃபுளோரைடு என்றால் என்ன என்று அவர் கேட்பார். நான் என் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் மோட்டார் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். "இப்பத்தான சத்தம் கேட்டுச்சு?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். அடுத்த நாளிலிருந்து பொய் சொல்லவும் விட்டுவிட்டேன். அவர் வருவார், குடம் நிரம்பும், நான் உள்ளே போய்விடுவேன். எங்கள் வீட்டுக் கேன்களைச் சாக்கு போட்டு மூடி வைத்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே நான் சாக்கை இன்னொரு முறை இழுத்துவிட ஓடுவேன்.

அதற்கிடையில் ஒரு காலை, டார்ச் வெளிச்சத்தில் என் மகளின் ஈறில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. நாலைந்து நாளில் அது அரிசியளவு வளர்ந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் பார்த்தேன். பல்லின் வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை, சாக்பீஸால் இழுத்ததுபோல் இரண்டு கோடுகள். "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை, அழகாக வருது என்றேன். வேன் வந்து அவள் போனபிறகு சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பல் மருத்துவர் நிதானமானவர். என் மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசினார். லேசாகத்தான் இருக்கிறது, உங்களுடையதுபோல் ஆகாது என்றார். என் பல்லை அவர் எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"இந்தப் பல்லு இப்ப வெளிய வருதுங்க. ஆனா இது உருவானது குழந்தைக்கு ரெண்டு, மூணு வயசு இருக்கும்போது, ஈறுக்குள்ளயே. அன்னைக்குக் குடிச்ச தண்ணிதான் இன்னைக்குத் தெரியுது. பின்னாடி வரவேண்டிய பல்லுங்க இன்னும் இருக்குது. நிறுத்திட்டீங்கல்ல, அது போதும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இரண்டு, மூன்று வயசு என்ற சொல் என்னை விடவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு இரண்டரை வயது. அவளுடைய முன்பற்கள் இப்போது, இந்த வாரம், இன்று சாயங்காலம் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. என் மகள் விஷயத்தில் நான் தும்பை விட்டு வாலைப் பிடித்தவள். அந்தக் குழந்தைக்குத் தும்பு இன்னும் கையில் இருந்தது, அதை நான் தினமும் ஐந்தரைக்கு நழுவவிட்டுக்கொண்டிருந்தேன். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் சொல்வதற்கு முன் அவரே கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் குடத்தை இடுப்பில் வைத்தபடியே, பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நின்றார். குழாய்ப் பக்கம் போகவில்லை.

"ஏங் கண்ணு, உங்கூட்டுக்காரரு ஆத்துத் தண்ணி கேனு கேனாக் கொண்டாராரு, சாக்குப் போட்டு மூடி வெக்கற. நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீங்க குடிக்காத தண்ணியவா எம்புள்ளைக்குக் குடுக்கற?"

உள்ளே ஓடிப்போய்ப் பரிசோதனைக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். ஃபுளோரைடு, கால்சியம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கவில்லை.

"காயிதத்துல என்னமோ போட்டிருக்கறாங்க. பருப்பு பூவாட்டம் வேவுது உங்க தண்ணியில. அதுல என்ன கெடுதி இருக்கும்? தர மனசில்லீன்னா நேரா சொல்லிரு. நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்."

அவர் சொன்னது ஏழு வருடத்துக்கு முன் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. அதற்கு மறுமொழி என்னிடம் ஒன்றுதான் இருந்தது. என் கை வழக்கம்போல் வாய்க்குப் போயிருந்தது. அதைக் கீழே இறக்கினேன். உதட்டை விரலால் மேலே தூக்கி, பல் முழுவதையும் காட்டினேன்.

"இது பருப்பு வெந்த தண்ணிங்க்கா. எங்கூரு தண்ணியிலயும் பூவாட்டம்தான் வேவும்."

அக்கா பார்த்தார். ஏழு வருடமாகத் தினமும் பார்க்கும் முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பாப்பாவின் முன் குந்தி உட்கார்ந்து, அவள் வாயைத் திறந்து பார்த்தார். பாற்பற்கள் அரிசி மாதிரி வரிசையாக இருந்தன.

"இதுல ஒண்ணுமில்லியே?"

"இதுல தெரியாதுங்க்கா. உள்ள இருக்கற பல்லுலதான். இப்ப நிறுத்துனாக்கூடப் போதும்னு டாக்டரு சொன்னாரு."

அவர் எழுந்தார். குரல் உயரவில்லை.

"உனக்கு எத்தினி நாளாத் தெரியும்?"

"பதினோரு நாளுங்க்கா."

"பதினோரு நாளும் அதுலதான் கஞ்சி காச்சுனேன்."

அவ்வளவுதான் சொன்னார். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். கேட்டை மெல்லச் சாத்திவிட்டுத்தான் போனார், அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏழு வருடம் கொடுத்த தண்ணீருக்கு என்னிடம் சாக்கு இருந்தது, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பதினோரு நாளுக்கு என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அந்த நேரத்துக்கு வாசலில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் மதியம், ஞாயிற்றுக்கிழமை, கேட்டுக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தார். "முக்குக் கொழாயில ஆத்துத் தண்ணி உட்டிருக்கறாங்களாம். வர்றதுன்னா வா." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தபோது, என் குடம் சரியாதபடி அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் டார்ச்சை எடுக்கப் போனேன். செல்போன் மேடைமேல் இல்லை. என் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, டார்ச்சைப் போட்டபடி நின்றிருந்தாள். அன்று அக்காவிடம் நான் வாயைக் காட்டியபோது அவள் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, உன் பல்லை நான் சரியாப் பாத்ததே இல்ல" என்றாள். "இன்னைக்கு நீ ஆ காட்டு."

வேன் வர இன்னும் நேரம் இருந்தது. நான் அவள் உயரத்துக்குக் குனிந்து வாயைத் திறந்தேன்.